டெனோசுமாப் ஊசி: தள்ளிப்போடக் கூடாத தேதி

எலும்புப்புரைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் 60 மில்லிகிராம் டெனோசுமாப் ஊசியைப் பலரும் சத்து ஊசி மாதிரி நினைத்துவிடுகிறார்கள். "ஊருக்குப் போயிட்டு வந்து போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு.

எலும்பை அரிக்கும் செல்கள் உருவாக ராங்க்-லிகண்ட் என்ற புரதம் வேண்டும். டெனோசுமாப் அதைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடி. 7,800-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற ஃப்ரீடம் ஆய்வில், மூன்றாண்டுகளில் புதிய முதுகெலும்பு முறிவுகள் 68 சதவீதம் குறைந்தன. அருமையான மருந்துதான். ஆனால் அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்ற மற்ற எலும்புப்புரை மருந்துகள் எலும்பிலேயே படிந்து, நிறுத்திய பிறகும் சில காலம் காக்கும். இது அப்படித் தங்காது. ரத்தத்தில் மருந்து வடிந்ததும் அடங்கிக் கிடந்த செல்கள் ஒரேயடியாகக் கிளம்பும். சேர்ந்த எலும்பு அடர்த்தி ஓரிரு ஆண்டுகளில் கரைந்துபோகும். சிலருக்கு முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கியிருக்கின்றன.

ஆகவே, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் நன்றாக வந்துவிட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால், முன் சொன்ன மருந்துகளில் ஒன்றை மருத்துவர் தொடர்ந்து தருவார். அந்த இடத்தில் எலும்பை வளர்க்கும் ஊசியான டெரிபாராடைடுக்கு நேரடியாக மாறுவது சரிவராது, அடர்த்தி குறையும்.

பல் பிடுங்க வேண்டியிருப்பதால் ஊசியைத் தவிர்ப்பவர்களும் உண்டு. தாடை எலும்பு பாதிப்பு அரிதாக வரும் என்பது உண்மை. அதற்காகத் தேதியைத் தாண்டவிடுவது பெரிய ஆபத்து. பல் வேலையைக் கூடுமானவரை முதல் ஊசிக்கு முன்பே முடியுங்கள். பிறகு தேவைப்பட்டால் இரண்டு மருத்துவர்களிடமும் சொல்லுங்கள்.

கால்சியம், வைட்டமின் டி குறைபாட்டைச் சரிசெய்யாமல் ஊசி போடக் கூடாது. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கு, குறிப்பாக டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு, கால்சியம் அபாயகரமாக இறங்கலாம். 2024-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்குக் கட்டமிட்ட எச்சரிக்கையையே, அதாவது மருந்துக் குறிப்பில் இடம்பெறும் மிகக் கடுமையான எச்சரிக்கையையே, சேர்த்தது. வாயைச் சுற்றி மரத்துப்போதல், தசைப்பிடிப்பு வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

புதிதாக வந்த ரோமோசோசுமாப் வேறு வகை. ஸ்க்லெரோஸ்டின் என்ற புரதத்தைத் தடுத்து எலும்பை வளர்க்கும். மாதம் 210 மில்லிகிராம், மொத்தம் 12 மாதம். கடந்த ஓராண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இது கூடாது. பழைய மாரடைப்பை எலும்பு மருத்துவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள். 12 மாதம் முடிந்ததும் எலும்பு அரிப்பைத் தடுக்கும் மருந்து ஒன்றைத் தொடங்கியாக வேண்டும்.