தாழ்த்தும் ஸ்பிரிங் வாங்கும் முன்

வேகக் காருக்குத் தாழ்த்தும் ஸ்பிரிங் தேடுபவர்கள் முதலில் கேட்பது, கார் எவ்வளவு இறங்கும் என்பதைத்தான். ஸ்பிரிங்கின் விறைப்பை, அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்ற எண்ணை, முதலில் கேளுங்கள். கார் 30 மி.மீ. இறங்கினால், மேட்டில் ஏறும்போது சக்கரம் மேலெழ இருந்த இடமும் ஏறக்குறைய அவ்வளவு குறைகிறது. விறைப்பைக் கூட்டாமல் இறக்கினால் சஸ்பென்ஷன் அடிக்கடி பம்ப் ஸ்டாப்பில், அதாவது அதன் மேல்நோக்கிய அசைவின் எல்லையில் இருக்கும் தடுப்பில், மோதும். வளைவின் நடுவே அப்படி மோதினால் அந்தச் சக்கரத்தின் பிடி சட்டென்று நழுவிவிடும். விறைப்பின் எண்ணைச் சொல்லத் தயங்கும் விற்பனையாளரிடம் நான் வாங்கமாட்டேன்.

கூடிய விறைப்பை அடக்கும் திறன் ஷாக் அப்சார்பருக்கும் வேண்டும். ஓடித் தேய்ந்த ஷாக்கில் புது ஸ்பிரிங்கைப் பூட்டுவது வீண்செலவு. சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு விலகக் கூடாது. பழைய ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்கும் யோசனையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பொருத்திய பின் வீல் அலைன்மென்ட் கட்டாயம். பலரும் கேம்பரை, அதாவது முன்னாலிருந்து பார்க்கையில் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணத்தை, பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஆனால் டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் தவறிய டோ, அதாவது மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம். சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைக் கார் தன் எடையில் நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். காரைத் தூக்கிவைத்து முறுக்கினால் புஷ் எந்நேரமும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். முகப்பு விளக்கின் கோணத்தையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.