கடை ஜூஸில் ஒயின் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழத்தைக் கழுவி, மசித்து, பிழிந்து, வடிகட்டி ஒயின் போடுபவர்களுக்குத் தெரியும், அதில் பாதி உழைப்பு சாறு எடுப்பதிலேயே போய்விடும். கடையில் பாக்கெட் ஜூஸ் வாங்கினால் அந்தப் பாதி உழைப்பு மிச்சம். ஜூஸ், சர்க்கரை, ஈஸ்ட், ஒரு கண்ணாடி ஜாடி, அதன் வாயில் பொருத்த, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக் என்கிற தண்ணீர்ப் பூட்டு, ஒரு ரப்பர் குழாய். இவ்வளவுதான் சாமான். முதல் முறையாக முயல்பவர்களுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன்.

ஆனால் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். கடை ஜூஸ் புளித்துவிடக் கூடாது என்பதற்காகவே தயாரிக்கப்பட்ட பண்டம். 1869இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர், தேவாலயத் திருவிருந்துக்கு ஒயினுக்குப் பதிலாகப் புளிக்காத திராட்சைச் சாறு வேண்டும் என்று நினைத்தார். லூயி பாஸ்டர் காட்டிய வழியில் சாற்றைப் பாட்டிலில் அடைத்துச் சூடாக்கினார். பாட்டில் ஜூஸ் வியாபாரம் வளர்ந்ததற்கு அது ஒரு முக்கியமான தொடக்கம். அப்படிப் புளிக்காமல் கட்டிவைத்த சாற்றை நாம் அவிழ்த்துவிட்டுப் புளிக்க வைக்கிறோம். புளித்து முடிந்ததும் மறுபடி கட்டிவைக்கிறோம். நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு முனைகளிலும்தான் நடந்திருக்கின்றன. நடுவில் உள்ள வேலையை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும்.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்குவது

பலரும் முன்பக்கப் படத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள பட்டியல்தான் முக்கியம். அதில் பொட்டாசியம் சார்பேட் அல்லது சோடியம் பென்சோயேட் இருந்தால் பாக்கெட்டை அங்கேயே வைத்துவிடுங்கள். சில பாக்கெட்டுகளில் பெயருக்குப் பதிலாக 202, 211 என்ற எண்கள் மட்டும் இருக்கும். இவை ஈஸ்ட் பெருகாமல் தடுப்பதற்கென்றே சேர்க்கப்படுபவை. முதல் முறை நான் இதைக் கவனிக்கவில்லை. ஒரு வாரம் ஜாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. ஈஸ்ட் பழசு போல என்று நினைத்து இன்னொரு பாக்கெட் ஈஸ்டையும் கொட்டினேன். அப்போதும் அசைவில்லை. இப்படி மாட்டிக்கொண்ட ஜூஸை மீட்கப் போராடுவதைவிட வேறு வாங்கி ஆரம்பிப்பது நல்லது.

வைட்டமின் சி என்கிற அஸ்கார்பிக் அமிலம், அதாவது 300 என்ற எண், இருந்தால் பயமில்லை. சிட்ரிக் அமிலமும் பரவாயில்லை. பாஸ்டர் முறையில் சூடாக்கப்பட்டது என்றிருந்தால் அது நமக்கு நல்லதே. வேண்டாத கிருமிகள் ஏற்கெனவே ஒழிந்திருக்கும், ஈஸ்டுக்குப் போட்டி இருக்காது. கெட்டிச்சாற்றில் தண்ணீர் சேர்த்துத் தயாரித்தது என்று போட்டிருந்தாலும் தாராளமாக வாங்கலாம்.

அதே பட்டியலில் பார்க்க வேண்டிய இன்னொன்று, உள்ளே உண்மையில் எவ்வளவு சாறு என்பது. பழச்சாறு என்பதும் பழபானம் என்பதும் ஒன்றல்ல. பானம், நெக்டர் என்ற பெயர்களில் வருபவற்றில் தண்ணீரும் சர்க்கரையும் வாசனையுமே அதிகமாக இருக்கலாம். அதிலும் ஒயின் வரும், ஆனால் உடம்பு இல்லாத, தண்ணீர் மாதிரியான ஒயின். சுக்ரலோஸ் போன்ற செயற்கை இனிப்பு சேர்த்த பானங்களை அறவே தவிர்க்கலாம். அந்த இனிப்பை ஈஸ்ட் தொடாது. எல்லாம் முடிந்த பிறகும் அது நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

எந்தப் பழம்? ஆப்பிளும் திராட்சையும் தொடங்குபவர்களுக்கு ஏற்றவை. ஆரஞ்சு ஜூஸ் குடிக்க அருமையாக இருப்பதால் அதன் ஒயினும் அப்படி இருக்கும் என்று தோன்றும். அதிலுள்ள சர்க்கரை முழுவதும் ஈஸ்டுக்குப் போனபின் மிஞ்சுவது புளிப்பும் கசப்பும்தான். கிரான்பெர்ரியில் பென்சாயிக் அமிலம் இயற்கையாகவே உண்டு, அதனால் ஈஸ்ட் தடுமாறும். கொஞ்சம் பழகிய பிறகு இவற்றுக்குப் போகலாம்.

சர்க்கரையைக் கைக்கு வந்தபடி கொட்டுவது

சர்க்கரை கூடினால் போதையும் கூடும் என்று நினைத்துக் கிலோ கணக்கில் கொட்டுபவர்கள் உண்டு. கணக்கு எளிமையானது. லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஆல்கஹால் 1 சதவீதம் வரும். பாக்கெட்டில் 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை என்று இருந்தால் லிட்டருக்கு 110 கிராம். அதிலிருந்து வருவது ஆறரை சதவீதம் அளவு. அது சைடர் என்கிற லேசான பழ மது, நீண்ட நாள் தாங்காது. 11 சதவீதத்துக்குக் கொண்டுபோக மொத்தம் 187 கிராம் வேண்டும். அப்படியானால் நாம் சேர்க்க வேண்டியது லிட்டருக்கு 80 கிராமுக்கும் குறைவு. திராட்சை ஜூஸில் இயல்பாகவே 150, 160 கிராம் இருப்பதுண்டு, அதற்கு இன்னும் குறைவாகப் போதும்.

லிட்டருக்கு 300 கிராம் என்று ஏற்றிவிட்டால் ஈஸ்டுக்குத் தொடக்கத்திலேயே மூச்சுத் திணறும். அடர்ந்த சர்க்கரைக் கரைசல் ஈஸ்ட் செல்லிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுக்கும். ஊறுகாயும் ஜாமும் கெடாமல் இருப்பதில் உப்பும் சர்க்கரையும் செய்கிற அதே வேலைதான். தப்பிப் பிழைத்துப் புளித்தாலும் தன் தாங்கும் எல்லை வந்ததும் ஈஸ்ட் நின்றுவிடும். மீதிச் சர்க்கரை பாகுபோல அப்படியே கிடக்கும்.

இந்தக் கணக்கைக் கண்ணால் பார்க்க ஹைட்ரோமீட்டர் வாங்குங்கள். திரவத்தின் அடர்த்தியைக் காட்டும், மிதக்கும் ஒரு கண்ணாடிக் குழல், அவ்வளவுதான். சுத்தமான தண்ணீரில் 1.000 காட்டும். சர்க்கரை சேர்த்த ஜூஸில் 1.080, 1.085 என்று நின்றால் ஒயினுக்குச் சரியான அளவு. சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்த பின் 1.000க்கும் கீழே, 0.995 அளவுக்கு இறங்கும். இந்தக் கருவி இல்லாமல் ஒயின் போடுவது தராசு இல்லாமல் மளிகைக்கடை நடத்துவது போல. இது இருந்தால் பின்னால் வரும் பெரிய ஆபத்து ஒன்றும் விலகும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஈஸ்டைப் பொடி என்று நினைப்பது

அது உயிர். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் செத்துவிடும், குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த ஜூஸில் கொட்டினால் அதிர்ந்துபோகும். 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான சிறிதளவு தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, அறைச் சூட்டுக்கு வந்த ஜூஸில் கலக்குங்கள். இரண்டின் சூடும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசப்படாமல் இருக்கட்டும். ரொட்டி ஈஸ்டிலும் ஒயின் வரும், இரண்டும் ஒரே இனம்தான். ஆனால் ரொட்டி ஈஸ்ட் அடியில் கெட்டியாகப் படியாது, கலங்கலாகவே நிற்கும், ரொட்டி வாசனையும் வரும். ஒயின் ஈஸ்ட் ஒரு சிறு பாக்கெட்டே பல லிட்டருக்குப் போதும் என்பதால் இதில் மிச்சம் பிடிப்பது வீண்.

ஆப்பிள் ஜூஸ் போடுபவர்கள் அடிக்கடி சொல்லும் புகார், மூன்றாம் நாள் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது என்பது. கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடுகிறார்கள். கொட்ட வேண்டாம். ஈஸ்டுக்குச் சர்க்கரையோடு நைட்ரஜன் சத்தும் வேண்டும். ஆப்பிள் சாற்றில் அது குறைவு. பசியில் இருக்கும் ஈஸ்ட்தான் அந்தக் கந்தக வாயுவை விடுகிறது. தொடக்கத்திலேயே ஈஸ்ட் சத்துப்பொடியைப் பாக்கெட்டில் சொன்ன அளவு சேர்த்தால் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை வராது. அது கிடைக்காவிட்டால் அரை டீஸ்பூன் ரொட்டி ஈஸ்டைக் கொஞ்சம் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஊற்றுங்கள். செத்த ஈஸ்ட் உயிருள்ள ஈஸ்டுக்கு உணவாகிவிடும்.

வெப்பம் 18 முதல் 24 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 30ஐத் தாண்டினால் ஈஸ்ட் வேகமாக ஓடும். வேகமாக முடிகிறதே என்று மகிழக் கூடாது, சுள்ளென்று தொண்டையை எரிக்கும் கனமான ஆல்கஹால்கள் அப்போதுதான் உருவாகின்றன. வெயில் படாத, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் ஜாடியை வையுங்கள்.

சுத்தம் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. சோப்பு போட்டுக் கழுவுவது வேறு, கிருமிநீக்கம் வேறு. முதலில் அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவி, பிறகு கிருமிநீக்கக் கரைசலில் அலச வேண்டும். கரண்டி, புனல், குழாய் என்று ஒயினைத் தொடும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வாசனை சேர்த்த பிளீச் மட்டும் வேண்டாம்.

ஜாடியை ஆரம்பத்தில் விளிம்புவரை நிரப்பாதீர்கள். முதல் நாட்களில் நுரை பொங்கி ஏர்லாக் வழியாக வழிந்து வெளியே ஒழுகும். நாலில் ஒரு பங்கு இடம் விடுங்கள். ஆனால் பொங்கல் அடங்கிய பிறகு இதுவே தலைகீழாக மாறும். அப்போது காலி இடம் ஆகாது. காற்று நின்றால் அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா ஆல்கஹாலை வினிகராக்கும். அடியில் மண்டி படிந்ததும், குழாய் வைத்து, சலசலப்பு இல்லாமல், தெளிவை மட்டும் வேறொரு ஜாடிக்கு இறுத்து, கழுத்துவரை நிரப்பி, ஏர்லாக்கைப் போட்டு வையுங்கள். மண்டியோடு மாதக்கணக்கில் விட்டால் அதன் வாடை ஒயினில் இறங்கும்.

அவசரமாக மூடுவது

மற்ற தவறுகளில் ஒயின்தான் வீணாகும். இந்தத் தவறில் ஆளுக்கே ஆபத்து.

ஒரு லிட்டர் ஜூஸ் 11 சதவீத ஒயினாக மாறும்போது ஏறக்குறைய 50 லிட்டர் கரியமில வாயு வெளியேறுகிறது. அதனால்தான் புளிக்கும் ஜாடியை எந்த நேரத்திலும் இறுக்கி மூடக் கூடாது. சிலர் பிளாஸ்டிக் பாட்டிலை மூடிவைத்துத் தினமும் திறந்து வாயுவை விடுகிறார்கள். ஒரு நாள் மறந்தால் போதும். ஏர்லாக் இல்லையென்றால் மூடியை லேசாகத் தளர்த்தி வைப்பதே மேல்.

ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது என்பதற்காகப் புளிப்பு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. குளிர் கூடினாலும் நிற்கும், மூடியில் கசிவு இருந்தாலும் நிற்கும். ஹைட்ரோமீட்டரை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, இரண்டும் ஒரே எண்ணாக, 1.000க்குக் கீழே இருந்தால்தான் முடிந்தது. 1.020இல் அசையாமல் நின்றால் அது பாதியில் நின்றுபோன புளிப்பு. சூடு ஏறினால் மறுபடி கிளம்பும்.

அப்புறம் இனிப்பு. முழுக்கப் புளித்த ஒயின் இனிப்பே இல்லாமல் வறண்டிருக்கும், பலருக்குப் பிடிக்காது. கொஞ்சம் சர்க்கரை கலந்து பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடிவிடுகிறார்கள். தெளிந்த ஒயினிலும் கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் மிச்சம் இருக்கும், அந்தச் சர்க்கரையைத் தின்ன ஆரம்பிக்கும். ஷாம்பெயின் செய்பவர்கள் பாட்டிலுக்குள் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரை சேர்த்துத்தான் 6 வளிமண்டல அழுத்தத்தை உண்டாக்குகிறார்கள். அதைத் தாங்கவே அந்தப் பாட்டில் அவ்வளவு கனம். 24 கிராம் என்பது ஐந்தாறு டீஸ்பூன். சாதாரணக் கண்ணாடிப் பாட்டில் அதைத் தாங்காது, வெடிக்கும். என் அலமாரியில் இரவில் ஒரு பாட்டில் வெடித்தபோது கண்ணாடித் துண்டுகள் மரக்கதவில் குத்தி நின்றன. பக்கத்தில் யாரும் இல்லை என்பது அதிர்ஷ்டம் மட்டுமே.

இனிப்பு வேண்டுமென்றால் இரண்டு வழி. குடிக்கும்போது கிளாஸில் கலந்துகொள்வது பத்திரமானது. இல்லையென்றால் புளிப்பு முழுவதும் முடிந்து தெளிந்த ஒயினில், கடையில் நாம் ஒதுக்கிய அதே பொட்டாசியம் சார்பேட்டை இப்போது சேர்க்க வேண்டும், கூடவே பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் என்ற சல்ஃபைட் உப்பையும் பாக்கெட்டில் சொன்ன அளவில். சார்பேட்டை மட்டும் போட்டால் சில பாக்டீரியாக்கள் அதை மாற்றி ஜெரேனியம் இலை நாற்றத்தைக் கொண்டுவரும், அதைப் போக்க வழியில்லை. சார்பேட் ஓடிக்கொண்டிருக்கும் புளிப்பை நிறுத்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். சல்ஃபைட் ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, கொடுக்குமுன் சொல்லிவிடுங்கள்.

வீட்டு ஒயினில் கண் போய்விடும் என்ற பயம் பலருக்கு உண்டு. பழத்திலுள்ள பெக்டினிலிருந்து மெத்தனால் மிகச் சிறிதளவே வரும், கடை ஒயினிலும் அது உண்டு. ஆனால் அந்த ஒயினைக் காய்ச்சி வடிக்கும் எண்ணமே வேண்டாம். பெரும்பாலான நாடுகளில் அது குற்றம், தீ விபத்துக்கும் வழி. புளிக்க வைப்பதற்கும்கூடச் சில இடங்களில் அனுமதி வேண்டும், உங்கள் ஊர்ச் சட்டத்தைத் தொடங்குமுன் பாருங்கள்.

ஒரு மாதத்தில் ருசி பார்த்துவிட்டு, கரகரப்பாக இருக்கிறது, தோற்றுவிட்டேன் என்று சாக்கடையில் ஊற்றுபவர்களுக்காக இது. இளம் ஒயின் அப்படித்தான் இருக்கும். ஆப்பிள் ஒயினுக்கு மூன்று மாதமாவது கொடுங்கள், ஆறு மாதம் என்றால் இன்னும் நல்லது. பாட்டிலில் தேதியையும், தொடங்கியபோதும் முடிந்தபோதும் ஹைட்ரோமீட்டர் காட்டிய எண்களையும் எழுதி ஒட்டி, இருட்டான இடத்தில் வையுங்கள். அடுத்த ஜாடியைத் தொடங்கும்போது அந்தத் துண்டுச் சீட்டுதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.