பழைய தடுப்பூசி அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்

வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்டால், மறுபடியும் ஊசி போட ஓடாமல் முதலில் உங்கள் பழைய மஞ்சள் அட்டையைத் தேடுங்கள். ஒரு தடவை போட்ட ஊசியே பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு தருகிறது, அதனால் 2016 ஜூலை 11 முதல் அந்தச் சான்றிதழும் ஆயுள் முழுக்கச் செல்லும், அட்டையில் எழுதிய பத்து வருடக் கெடு தாண்டியிருந்தாலும் சரி. முதல் முறை போடுபவர்களுக்கு மட்டும் 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். கர்ப்ப காலத்தில் போட்டவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம், ஹஜ், உம்ராவுக்கான மூளைக்காய்ச்சல் தடுப்பூசிக்கு இது பொருந்தாது, அது வகையைப் பொறுத்து 3 அல்லது 5 வருடம்தான்.