263 நோட்டீஸ் வந்தால் வரியைப் பற்றி வாதாடாதீர்கள், பழைய பதிலைத் தேடுங்கள்

கோத்தகிரி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை உண்டு. இலையைப் பறித்து ஃபேக்டரிக்குப் போடுவதோடு சரி, தூள் நாங்கள் செய்வதில்லை. 2022 டிசம்பரில் வருமான வரி ஸ்க்ரூட்டினி (கணக்கு ஆய்வு) முடிந்து, இலை விற்ற பணம் வரி இல்லாத விவசாய வருமானம்தான் என்று அதிகாரி ஆர்டர் போட்டுவிட்டார். அதோடு விட்டது தொல்லை என்று இருந்தேன். 2025 ஜனவரியில் வருமான வரி முதன்மை ஆணையரிடமிருந்து, அதிகாரி போட்ட ஆர்டரை ஆணையர் திருத்த வழிசெய்யும் 1961 வருமான வரிச் சட்டத்தின் 263-ஆம் பிரிவில் நோட்டீஸ்: விசாரிக்காமலே ஏற்றிருக்கிறார்கள், அந்த ஆர்டரை ஏன் திருத்தக்கூடாது?

போர்ட்டலில் லாகின் செய்வது, நோட்டீஸில் உள்ள DIN (ஆவண அடையாள எண்) சரிபார்ப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் தேதி

இரண்டு வருடம் தாண்டினால் ஆணையர் கை வைக்க முடியாது என்று கேள்விப்பட்டிருந்தேன். 2022 டிசம்பர், 2024 டிசம்பர், ஆச்சு, தப்பித்தோம் என்று அக்காவுக்கு போன் போட்டுச் சொல்லியும்விட்டேன். கணக்கு அப்படி இல்லை. ஆர்டர் போட்ட நிதியாண்டின் முடிவிலிருந்து இரண்டு வருடம். எனக்கு அது 31-3-2025. அதற்குள் வர வேண்டியது நோட்டீஸ் அல்ல, ஆணையரின் உத்தரவு. அது நம் கைக்குக் கிடைத்த நாள் கணக்கில் வராது, போட்ட நாள்தான் வரும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இரண்டு நிபந்தனை

ஆர்டர் தவறாகவும் இருக்க வேண்டும், அதனால் அரசு வருவாய்க்குப் பாதகமும் வர வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் 263 நிற்காது. மலபார் இண்டஸ்ட்ரியல் வழக்கில் 2000-ல் வந்த தீர்ப்பு இது. எல்லோரும் இதை மேற்கோள் காட்டுகிறார்கள், ஆனால் அந்த வழக்கில் கம்பெனி தோற்றது என்பதைச் சொல்வதில்லை. ரப்பர் எஸ்டேட் விற்றதில் பணம் தாமதமாக வந்ததற்கு வாங்கிய இழப்பீட்டை, அதிகாரி ஒன்றும் கேட்காமல் விவசாய வருமானமாக ஏற்றிருந்தார். அங்கேதான் விழுந்தது. நம்மைப் போலத் தோட்டம் வைத்திருப்பவர்கள் அந்தப் பகுதியைத்தான் படிக்க வேண்டும்.

இரண்டு விதமாகப் பார்க்கக்கூடிய விஷயத்தில் அதிகாரி ஒன்றை எடுத்திருந்தால், ஆணையருக்கு மற்றது பிடித்திருக்கிறது என்பதற்காகத் திருத்த முடியாது (மேக்ஸ் இந்தியா வழக்கு, 2007). ஆனால் சொந்தத் தோட்டத்து இலையில் சொந்த ஃபேக்டரியில் தூள் செய்பவருக்கு 1962 வருமான வரி விதிகளின் விதி 8-படி வருமானத்தில் 40 சதவீதம் வரிக்கு உட்பட்டது. அவருக்கு முழுவதையும் விலக்கி ஆர்டர் போட்டிருந்தால் அதில் இரண்டு பார்வை கிடையாது, தவறுதான்.

நான் தடுக்கி விழுந்த இடம்

பச்சை இலை விற்பனை ஏன் விவசாய வருமானம் என்று நான்கு பக்கம் எழுதினேன். ஆடிட்டர் படித்துவிட்டு, "சார், இதை யார் கேட்டது? அப்போது அதிகாரி கேள்வி கேட்டாரா இல்லையா, அதைக் காட்டுங்கள்" என்றார். அடித்துப் போட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

போர்ட்டலின் இ-புரொசீடிங்ஸ் பகுதியில் பழைய ஸ்க்ரூட்டினியைத் திறந்தால், அதிகாரி விவரம் கேட்டு அனுப்பிய 142(1) நோட்டீஸ் இருந்தது. ஏழாவது கேள்வி: நில ஆவணமும் விற்பனை ரசீதும் தருக. என் பதிலில் "சிட்டா, அடங்கல், இலை ரசீதுகள் இணைத்துள்ளேன்" என்று இருந்தது. இணைப்புகளை எண்ணினால் இரண்டுதான். ரசீதுகளைக் காணோம்! இரண்டு நாள் தூக்கம் போனது. அப்புறம்தான் தெரிந்தது, ஃபைல் பெரியதாக இருந்ததால் மறுநாள் தனிப் பதிலாக ஏற்றியிருக்கிறேன், 'ஸ்கேன் 0041' என்ற பெயரில். பதில்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், ஒப்புகைச் சீட்டோடு இறக்குங்கள். ஃபைல் பெயரை அன்றைக்கே தேதி போட்டு மாற்றிவையுங்கள். இதற்கு எக்செல் வேண்டாம் என்பது என் கட்சி. லாங் சைஸ் தாளில் கேள்வி, தேதி, பதில் என்று மூன்று கட்டம் போட்டால் போதும், கரண்ட் போனாலும் படிக்கலாம்.

ஆர்டரில் இரண்டே வரி எழுதியிருந்தார்கள் என்பதை வைத்து விசாரணையே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. கேள்வி கேட்டு, பதில் வாங்கி, திருப்தியாகி ஏற்றிருந்தால் அது விசாரணைதான் (கேப்ரியல் இந்தியா, பம்பாய் உயர் நீதிமன்றம், 1993). ஆனால் 263-ஆம் பிரிவில் 2015-ல் சேர்த்த விளக்கம் 2 ஆணையருக்குப் பலம் கொடுத்திருக்கிறது: செய்திருக்க வேண்டிய சரிபார்ப்பைச் செய்யாத ஆர்டர் தவறானதாகவே கருதப்படும். அதனால் வெறும் கேள்வி போதாது, பதிலோடு போன ஆவணமும் கையில் இருக்க வேண்டும்.

பதிலை இந்த வரிசையில் எழுதினேன்: கேள்வி, பதில், ஒப்புகை, அதன் பிறகுதான் சட்டம். நேரில் விளக்கவும் வாய்ப்புக் கேளுங்கள், அதைக் கொடுக்காமல் உத்தரவு போட முடியாது. என் நோட்டீஸ் மார்ச்சில் கைவிடப்பட்டது.

உத்தரவு எதிராக வந்தால் ஆணையர் (மேல்முறையீடு) பக்கம் போக வேண்டாம். நேராகச் சென்னையில் உள்ள வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு. உத்தரவு கிடைத்த மாதத்தின் முடிவிலிருந்து இரண்டு மாதம் அவகாசம்.

பின்சேர்க்கை: கொடைக்கானல் பக்கம் காபி போட்டிருக்கும் ஒருவர் கேட்டிருந்தார். முதல் ஆர்டருக்கு அப்புறம் 148-ஆம் பிரிவில் (மறுமதிப்பீட்டு நோட்டீஸ்) கணக்கை மறுபடி திறந்து வேறு ஒரு விஷயத்துக்கு ஆர்டர் போட்டார்களாம். ஆணையர் இப்போது காபி வருமானத்தைத் தொடுகிறார், இரண்டு வருடத்தை இரண்டாவது ஆர்டரிலிருந்து எண்ணுகிறார். அது செல்லாது. மறுமதிப்பீட்டில் வராத விஷயத்துக்கு முதல் ஆர்டரிலிருந்துதான் எண்ண வேண்டும் (அழகேந்திரன் ஃபைனான்ஸ், 2007). இரண்டு ஆர்டரையும் பக்கத்தில் வைத்து, இரண்டாவதில் 'காபி' என்ற சொல் எங்காவது வருகிறதா என்று முதலில் பாருங்கள்.