அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்தில் நர்சிங், டி.பார்ம், விலங்கியல் என்று ஏதாவது படித்துவிட்டு ஆம்புலன்ஸ் வேலைக்கான பயிற்சிக்கு வருகிறவர்கள் உண்டு. இதையும் இன்னொரு பரீட்சை என்று நினைத்து வருவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நோட்டில் எழுதி வைத்தால் போதாது. கை பழக வேண்டும்.

முதல் தவறு நல்ல மனதிலிருந்து வருவது. விழுந்து கிடப்பவரைப் பார்த்ததும் ஓடிவிடுவார்கள். வகுப்பில் எந்தச் சூழலைக் கொடுத்தாலும் "இடம் பாதுகாப்பா?" என்றுதான் முதலில் கேட்கச் சொல்வார்கள். பலர் அதை மந்திரம் போல முணுமுணுத்துவிட்டு நகர்கிறார்கள். நம் பகுதியில் அது உயிர் போகிற விஷயம். தோல் தொழிற்சாலைக் கழிவுத் தொட்டிக்குள் ஒருவர் மயங்கிக் கிடந்தால், உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு வாயு இருக்கலாம். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். தூக்க இறங்கியவரும் அங்கேயே விழுவார். தீயணைப்புத் துறையினர் மூச்சுக் கருவியோடு வரும்வரை மேலேயே நிற்க வேண்டும். அப்படி நிற்க மனசு கேட்காது, அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். இரவில் பெங்களூரு நெடுஞ்சாலை விபத்துக்குப் போனாலும், பின்னால் வரும் லாரியை நினைத்த பிறகே கீழே இறங்க வேண்டும்.

அடுத்தது சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுப்பது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 செ.மீ. ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். பயிற்சிப் பொம்மை மேல் கை வைத்ததும் ஒரு நிமிடத்தில் வேகம் ஏறும், ஆழம் குறையும். அழுத்திய பிறகு நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விடாமல் அதன் மேலேயே சாய்ந்துகொள்வார்கள். அப்படிச் செய்தால் இதயத்தில் ரத்தம் நிரம்பாது. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்வது சோர்வு நமக்கே தெரியாமல் வருவதால்தான்; "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். வகுப்பு முடிந்ததும் பொம்மையைக் கேட்டு வாங்கி இன்னொரு முறை செய்யுங்கள்.

கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் காயத்தில் மாட்டிக்கொள்வதும் உண்டு. வளைந்து கிடக்கும் கால் பயமுறுத்தும், ஆனால் ஆளைக் கொல்வது அடைத்த மூச்சுப்பாதையாக இருக்கலாம். பீறிடும் ரத்தத்தை நிறுத்துவது, மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம். இந்த வரிசையை விடக் கூடாது.

ஊரில் பார்த்து வளர்ந்த பழக்கமும் கூடவே வரும். அணைக்கட்டு, ஜவ்வாது மலைப் பக்கம் பாம்புக்கடி புதிதல்ல. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றையும் மறந்துவிடுங்கள். கடிபட்ட காலை அசையாமல் வைத்து, மோதிரம், மெட்டியைக் கழற்றி, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

மருத்துவமனை அவசரப் பிரிவில் பயிற்சிக்கு அனுப்பும் நாட்களை வீணாக்குவது எனக்கு மிகவும் வருத்தம் தருவது. சுவர் ஓரமாக நின்று போனைப் பார்த்தால் யாரும் வந்து கூப்பிட மாட்டார்கள். "சிஸ்டர், இவருக்கு நான் பிபி பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். சத்தத்துக்கு நடுவே பல்ஸ் எண்ணவும், திணறும் மூச்சு எப்படி இருக்கும் என்று கண்ணால் அறியவும் அதைவிட நல்ல இடம் கிடையாது.

அப்புறம், நீங்கள் டாக்டர் இல்லை. வரம்பு தாண்டி மருந்து கொடுக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டு அறை டாக்டரிடம் போனில் கேட்டுச் செய்ய வேண்டும். படிவத்தில் நேரத்தை அப்போதே எழுத வேண்டும்.

பயிற்சியில் சேரும் முன், "108-ல் வேலை நிச்சயம்" என்று சொல்லிப் பணம் கேட்கும் இடங்களை நம்பாதீர்கள். அந்தச் சேவைக்கு ஆள் எடுக்கும்போது தகுதி, வயது எல்லாம் அறிவிப்பிலேயே வரும். எழுத்துத் தேர்வு, நேர்காணல் முடிந்து தேர்வானவர்களுக்கு அவர்களே பயிற்சி தருகிறார்கள். பணி 12 மணி நேர ஷிஃப்ட், இரவும் உண்டு. வீட்டில் இதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.