ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்: வெண்டையும் தண்டாலும் செய்து பார்த்துப் பழக ஒரு வழி

மாடியில் புதிதாகச் செடி வைத்தவர்களிடமும், புதிதாக உடற்பயிற்சி தொடங்கியவர்களிடமும் ஒரே பேச்சைத்தான் கேட்கிறேன்: "எல்லாம் செய்து பார்த்துவிட்டேன், ஒன்றும் சரிவரவில்லை." என்ன செய்தீர்கள் என்று விசாரித்தால், ஒரே வாரத்தில் உரத்தை மாற்றி, பையை நிழலுக்கு நகர்த்தி, தண்ணீரையும் கூட்டியிருப்பார்கள். இனி அந்தச் செடி தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது, காய்ந்தாலும் தெரியாது. செய்து பார்த்துக் கற்பதில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். அதைத்தான் இங்கே வெண்டைச் செடியையும் தண்டாலையும் வைத்துச் சொல்கிறேன்.

படி 1: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"நல்ல தோட்டம் போட வேண்டும்", "உடம்பைத் தேற்ற வேண்டும்" என்பவை ஆசைகள். இவற்றைச் சோதித்துப் பார்க்க முடியாது. "என் மாடி வெயிலுக்கு வெண்டைக்குக் காலையில் மட்டும் தண்ணீர் விட்டால் போதுமா, மாலையிலும் வேண்டுமா?" என்பதைச் சோதிக்கலாம். "வாரம் 2 நாளுக்குப் பதில் 3 நாள் தண்டால் எடுத்தால் எண்ணிக்கை ஏறுமா?" என்பதையும் சோதிக்கலாம்.

பொறுமை குறைவாக இருந்தால் சிறுகீரையில் தொடங்குங்கள். ஏறக்குறைய 25 நாளில் பறிக்கலாம், ஆண்டில் பல முறை செய்து பார்க்க முடியும். தக்காளியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

படி 2: ஒப்பிட ஒன்றைத் தொடாமல் விடுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையில் 1843-ல் ஒரு கோதுமை வயலில் தொடங்கிய உரச் சோதனை இன்றும் தொடர்கிறது. வயலை நீளப் பட்டைகளாகப் பிரித்து, ஒன்றுக்குத் தொழுவுரம், மற்றவற்றுக்கு வெவ்வேறு உரக் கலவைகள் என்று இடுகிறார்கள். ஒரு பட்டைக்கு மட்டும் எதுவுமே இடுவதில்லை. அந்த வெறும் பட்டை பக்கத்தில் இருப்பதால்தான் உரம் எவ்வளவு விளைச்சலைக் கூட்டியது என்று அவர்களால் சொல்ல முடிகிறது.

நமக்கு 6 பை போதும். செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த் துகள்), மண்புழு உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்து எல்லாப் பைகளையும் நிரப்புங்கள். கோகோபீட் கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுக் கலக்குங்கள். அதில் உப்பு இருக்கும், முளைக்கு ஆகாது. ஒவ்வொரு பையிலும் 3 விதை ஊன்றி, முளைத்ததும் திடமான ஒன்றை மட்டும் விடுங்கள். 3 பைக்குக் காலையில் மட்டும் தண்ணீர், மற்ற 3 பைக்குக் காலையும் மாலையும் அதே குவளையால் தண்ணீர். ஒவ்வொரு முறைக்கும் ஒரே பை என்று வைத்தால் முடிவை நம்ப முடியாது. ஒரு விதை பிறவியிலேயே சோம்பலாக இருக்கலாம், ஒரு பை சுவர்ச் சூட்டில் மாட்டியிருக்கலாம்.

உடம்புக்கு இந்த வசதி இல்லை, இருப்பது ஒன்றுதான். அதனால் முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். இப்போது எவ்வளவு முடிகிறது என்று அளந்து வையுங்கள். ஞாயிறு காலை, சாப்பிடுவதற்கு முன், இடுப்பு தொங்காமல் எத்தனை தண்டால் முடிகிறது? தரையில் ஒன்றுகூட வராவிட்டால் சமையல் மேடையில் கை ஊன்றி எடுங்கள். அதுவும் கடினமென்றால் சுவரில். எங்கே எடுத்தீர்களோ அங்கேயேதான் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். நடைக்கும் இப்படித்தான். எல்லோரும் சொல்லும் அந்த 10,000 அடி, 1960-களில் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியோடு பரவிய இலக்கு. உங்கள் கணக்கு 3,000 என்றால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

படி 3: ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

தண்ணீரைச் சோதிக்கும்போது தண்ணீர் மட்டும்தான் மாற வேண்டும். அதே வாரம் 3 பைக்கு மட்டும் பஞ்சகவ்யா தெளித்தால் சோதனை முடிந்துபோனது. அதைத் தனியாக அடுத்த சுற்றில், லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி. என்ற கணக்கில் செய்து பாருங்கள்.

தண்டாலில் நாட்களைக் கூட்டலாம், எண்ணிக்கையைக் கூட்டலாம், மேடையிலிருந்து தரைக்கு இறங்கலாம். மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். கூடவே காலை உணவையும் மாற்றிக்கொண்டு, புரதப் பொடியும் வாங்கினால் எது வேலை செய்தது என்று பிரிக்கவே முடியாது.

படி 4: எத்தனை நாள் என்று முதலிலேயே குறித்துவிடுங்கள்

வெண்டை முளைக்க ஒரு வாரம் வரை ஆகும், காய் பறிக்க ஏறக்குறைய 45 நாள். தண்ணீர்ச் சோதனைக்குச் செடி நாலைந்து இலை விட்ட பிறகு இரண்டு வாரம் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். உரச் சோதனை என்றால் பழைய இலையைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், புதிதாக விடும் இலையைப் பாருங்கள்.

தண்டாலுக்கு 4 வாரமாவது கொடுங்கள். தொடங்கிய அடுத்த ஓரிரு நாள் தசை வலிக்கும், பிறகு தானாக அடங்கும். அந்த வலியை வைத்துப் பயிற்சி நன்றாக நடந்ததா என்று முடிவுகட்ட வேண்டாம். முதல் சில வாரங்களில் ஏறும் பலம் பெரும்பாலும் நரம்புகள் அந்த அசைவைப் பழகிக்கொள்வதால் வருவது. தசை பருக்க இன்னும் நாளாகும். அதனால் கண்ணாடியை நம்பாமல் எண்ணிக்கையை நம்புங்கள்.

படி 5: எழுதுங்கள்

ஒரு பழைய நோட்டு போதும். இப்படி இரண்டு வரி:

"செவ்வாய், நல்ல வெயில். ஒரு வேளைப் பைகள் மதியம் இலை தொங்கின, மாலையில் நிமிர்ந்தன. இரு வேளைப் பைகள் தொங்கவில்லை."

"மேடையில் தண்டால் 8, 7, 5. நேற்றிரவு தூக்கம் குறைவு."

வெயில், மழை, தூக்கம் மூன்றையும் விடாமல் குறியுங்கள். நாம் மாற்றாமலே மாறுகிறவை இவைதான்.

படி 6: சரிவராததைப் பிரித்துப் படியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. செடி வாடினால் உடனே தண்ணீர்க் குவளையைத் தூக்காதீர்கள். விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் தாகம். மண் சொதசொதவென்று இருந்தும் செடி வாடினால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகத் தொடங்கியிருக்கலாம். பையின் அடியில் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உச்சி வெயிலில் மட்டும் தொங்கி மாலையில் நிமிர்ந்தால் கவலையில்லை.

மஞ்சளிலும் பல வகை. அடி இலைகள் மொத்தமாக வெளுத்தால் பெரும்பாலும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. நுனி இலைகளில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி வெளுத்தால் இரும்புச்சத்தைச் சந்தேகிக்கலாம். வெண்டையில் நரம்பே வலை பின்னியதுபோல் மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்பு நோய். வைரஸுக்கு உரம் போட்டுப் பயனில்லை, செடியைப் பிடுங்கிவிடுங்கள். அந்தப் பையைக் கணக்கிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

உடம்பிலும் அதே கவனம் வேண்டும். இரண்டு பக்கத் தசையும் மந்தமாக வலித்தால் ஓய்வு கொடுத்துத் தொடரலாம். ஒரே மூட்டில் சுருக்கென்று குத்தினால் அன்றைக்கு நிறுத்துங்கள். எண்ணிக்கை திடீரென்று இறங்கினால் பயிற்சியைக் குறை சொல்வதற்கு முன் நோட்டில் தூக்கத்தைப் பாருங்கள்.

படி 7: சோதிக்கக் கூடாதவை

நெஞ்சு வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் வந்தால் அங்கேயே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். இதயக் கோளாறு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொடங்கும் முன்பே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களும் அப்படியே, பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். பூச்சிக்கு அடிக்கும் எந்த மருந்தையும் டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஊற்றிப் பார்க்காதீர்கள். வேப்பெண்ணெய்க் கரைசலைக்கூட முதலில் இரண்டு இலையில் மாலை நேரம் தெளித்து, மறுநாள் கருகவில்லை என்று பார்த்த பிறகு முழுச் செடிக்கும் அடியுங்கள்.

இரண்டு பக்கமும் வித்தியாசம் தெரிந்தால் நன்றாக வந்த முறைக்கு எல்லாப் பைகளையும் மாற்றிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். வித்தியாசமே தெரியாவிட்டால் இருப்பதில் சுலபமானதை வைத்துக்கொள்ளுங்கள், மாலைத் தண்ணீர் மிச்சம். ஆனால் ஆடிப்பட்டத்தில் கிடைத்த பதிலைச் சித்திரை வெயிலுக்கு அப்படியே எடுத்துப் போகாதீர்கள். பங்குனி கடைசியில் அதே தண்ணீர்ச் சோதனையை இன்னொரு முறை வைத்துப் பாருங்கள்.