8085 கிட்டில் முதல் கூட்டல்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், எங்கள் வீட்டு மாடியில் ஒரு பழைய 8085 கிட் கிடக்கிறது. இன்டெல் 8085 ப்ராசஸர், எண்களை அடிக்க பட்டன்கள், சின்ன டிஸ்ப்ளே எல்லாம் ஒரே பலகையில் இருக்கும் பயிற்சிக் கருவி இது. ஒரு பாலிடெக்னிக் கழித்துப் போட்டதை எடைக்கு வாங்கினேன். ப்ராசஸர் என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால், இதில் பத்து எண்களை அடிக்கச் சொல்லிவிடுவேன்.

ஆல்டேர் 8800 என்ற பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்தது 1974-ல் வந்த இன்டெல் 8080. அதற்கு மூன்று விதமான வோல்டேஜ் வேண்டும். 1976-ல் வந்த அதன் தம்பி 8085-க்கு 5 வோல்ட் ஒன்றே போதும். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் 8088-ம் இதே குடும்பம்தான்.

1. கரண்டை நிறுத்திவிட்டுச் சிப்பைப் பாருங்கள். 40 கால்கள். 20-வது கிரவுண்ட், 40-வதுதான் 5 வோல்ட். நம்ம ஊர் உப்புக் காற்று இந்தக் கால்களைச் சும்மா விடாது. எனக்கு இரண்டு நாள் டிஸ்ப்ளேயில் கன்னாபின்னாவென்று எண்கள் ஓடின. கழற்றிப் பார்த்தால் கால்களில் பச்சைப் பூத்திருந்தது. பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி அழுத்தி மாட்டியதும் சரியாகிவிட்டது.

2. கரண்ட் கொடுத்து, 4100 முகவரியிலிருந்து வரிசையாக அடியுங்கள் (உங்கள் கிட்டில் ரேம், அதாவது நாம் எழுதக்கூடிய மெமரி, வேறு இடத்தில் தொடங்கலாம், மேனுவலைப் பாருங்கள்):

06 09 78 06 08 80 32 00 45 76

06 09 என்றால் பி ரெஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள் எண்ணை வைக்கும் சின்ன அறை) 9 வை. 78, அதை ஏ ரெஜிஸ்டருக்கு நகலெடு. 06 08, பி-யில் இப்போது 8. 80, இரண்டையும் கூட்டு. 32 00 45, விடையை 4500-ல் போடு. முகவரியின் பின்பாதி முன்னால் வருவதைக் கவனித்தீர்களா? எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. 45 00 என்று அடித்தால் விடை 0045-க்குப் போகும். அங்கே இருப்பது ரோம், படிக்க மட்டுமே முடிகிற மெமரி, எதுவும் பதியாது. 76, நில். அதை விட்டுவிட்டால் அடுத்து மெமரியில் கிடக்கும் குப்பையையும் கட்டளை என்று நினைத்து ஓடும்.

3. ஓட விடுங்கள். 6 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், உள்ளே அதில் பாதி வேகம், இந்தக் கட்டளைகளுக்கு மொத்தம் 40 கடிகாரத் துடிப்பு. சுமார் 13 மைக்ரோசெகண்டில் வேலை முடிந்துவிடும்.

4. ரீசெட் அடித்து 4500-ஐப் பாருங்கள். 17 இருக்காது, 11 இருக்கும். பயப்படாதீர்கள், கிட் பதினாறு பதினாறாக எண்ணுகிறது: ஒரு பதினாறு, மேலே ஒன்று.

அப்புறம் 09, 08 இரண்டையும் 99 ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். 32 என்று நிற்கும். பதினாறு கணக்கில் முழு விடை 132. எட்டு பிட்டுக்குள், அதாவது இந்த இரண்டு இலக்கத்துக்குள், அடங்காத அந்த 1 கேரி ஃபிளாக் என்ற தனி பிட்டில் உட்கார்ந்திருக்கிறது.